80 டெஸ்ட், ஆறு சிவப்பு எழுத்து: ஊரில் இருக்கும் பெற்றோருக்கு எந்தப் பரிசோதனைதான் வேண்டும்?

வலசைக்காரன் (சொந்த ஊர் கானாடுகாத்தான், இருப்பது சென்னை)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) 69 நடக்கிறது. வருகிற தையில் பீமரத சாந்தி (எழுபதாம் வயதுச் சடங்கு) வைக்கலாம் என்று பேச்சு. ஆத்தாளுக்கு 63. ஊரில் அவ்வளவு பெரிய வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அப்பச்சி இதுவரை தினசரி மாத்திரை எதுவும் சாப்பிட்டதில்லை. சாந்திக்கு முன்னால் உடம்பை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடலாமே என்று இணையத்தில் ஒரு பேக்கேஜ் போட்டேன். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள், மொத்தம் 80 டெஸ்ட்.

இரண்டு நாளில் 14 பக்கம் ரிசல்ட் வந்தது. அதில் ஆறு எண் சிவப்பில். அப்பச்சி அதைக் கடையில் பிரின்ட் எடுத்து, முகப்பில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்திருக்கிறார். ராத்திரி போன். "பொட்டாசியம் கூடினா இதயம் நின்னுருமாமேப்பா?" அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. மறுநாள் அந்தக் கம்பெனியிலிருந்தே கூப்பிட்டு, முழு உடம்பு ஸ்கேன் எடுத்துவிடுங்கள், சலுகை இருக்கிறது என்றார்கள். நல்லது செய்யப்போய் அவர் நிம்மதியைக் கெடுத்துவிட்டேனோ என்று இருக்கிறது.

எந்த டெஸ்ட் தேவை, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எதை விட்டுவிடலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

*

லேப் டெக்னீஷியன் (காரைக்குடி)

தம்பி, முதலில் அந்தச் சிவப்பு எழுத்து எப்படி வருகிறது என்று அப்பச்சிக்குச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் "இதிலிருந்து இதுவரை" என்று ஒரு வரம்பு போட்டிருக்கும் அல்லவா? ஆரோக்கியமாக இருப்பவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்து, நடுவில் வரும் 95 சதவீதம் பேரின் எண்களை வைத்துத்தான் பெரும்பாலும் அதைப் போடுகிறார்கள். அப்படியானால் எந்த நோயும் இல்லாத 100 பேரில் 5 பேர் எப்படியும் அதற்கு வெளியே நிற்பார்கள். ஒருவருக்கு ஒன்றையொன்று சாராத 20 டெஸ்ட் எடுத்தால், நல்ல உடம்பாக இருந்தாலும் ஒன்றாவது சிவப்பாக வர 64 சதவீதம் வாய்ப்பு. 80 எடுத்தால் சிவப்பே இல்லாமல் வருவதுதான் அதிசயம்.

அடுத்தது பொட்டாசியம். ரத்தம் எடுக்க வந்தவர் எத்தனை மணிக்கு வந்தார்? எடுத்துவிட்டு நேரே லேபுக்குப் போனாரா? நரம்பு கிடைக்காமல் கையை மூடி மூடித் திறக்கச் சொன்னாரா? கேட்டுச் சொல்லுங்கள். மற்ற ஐந்து எண்களையும் போடுங்கள்.

*

வலசைக்காரன்

அப்பச்சியிடம் கேட்டேன். வந்தது காலை ஆறரை மணி. இரண்டு தடவை குத்தினாராம். "மூடித் தொற, மூடித் தொறன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்" என்கிறார். அப்புறம் ஆத்தங்குடி, பள்ளத்தூர் என்று இன்னும் மூன்று வீட்டுக்குப் போக வேண்டும் என்று வண்டியில் கிளம்பியிருக்கிறார். டெஸ்ட் செய்தது மதுரையில்.

எண்கள்: பொட்டாசியம் 5.8, வைட்டமின் டி 17, டிஎஸ்எச் (தைராய்டுக்கானது) 5.1, யூரிக் ஆசிட் 7.4, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 148, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.1. கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கானது) 0.9, அது கறுப்பு எழுத்தில்தான் இருக்கிறது.

*

லேப் டெக்னீஷியன் (காரைக்குடி)

நினைத்தது சரிதான். ரத்த அணுவுக்குள் பொட்டாசியம் நிறைய இருக்கும், வெளியில் இருக்கும் நீரில் கொஞ்சம்தான். கையில் பட்டை கட்டி முஷ்டியை மூடி மூடித் திறந்தாலே அது கூடும். எடுத்த ரத்தத்தை நேரத்துக்குச் சுழற்றிப் பிரிக்காமல் விட்டால், அணுவிலிருந்து கசிந்து இன்னும் கூடும். சர்க்கரை இதற்கு நேர்மாறு. சாம்பல் மூடிக் குழாயில் (சர்க்கரை குறையாமல் காக்கும் மருந்து போட்டது) எடுக்காவிட்டால், பிரிக்காத ரத்தத்தில் இருக்கும் அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். உண்மையில் சர்க்கரை உள்ளவருக்கும் நார்மல் என்று வந்துவிடும், எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஆனால் பொய்யான எண் என்று நானே முடிவு கட்டக் கூடாது. 5.8 என்பது அசட்டை செய்யும் எண் இல்லை. நாளைக்கே காரைக்குடிக்கு நேரில் வந்து, ரத்தம் எடுத்த இடத்திலேயே டெஸ்ட் செய்யும் லேப் எதிலாவது திரும்பப் பாருங்கள். நடுவில் மயக்கம், படபடப்பு, கை கால் தளர்ச்சி என்று ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

*

பள்ளத்தூர் மகள்

அப்பச்சிக்கு 80 டெஸ்ட். ஆத்தாளுக்கு?

*

வலசைக்காரன்

கேட்டேன் ஆச்சி. "எனக்கு எதுக்குப்பா, நான் நல்லாத்தானே இருக்கேன், அப்பச்சிக்குப் பாரு" என்று சொல்லிவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன்.

*

பொது மருத்துவர் (மதுரை, பூர்வீகம் கோட்டையூர்)

நேரில் பார்க்காமல் வைத்தியம் சொல்ல முடியாது. பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

வைட்டமின் டி: அறிகுறி இல்லாதவர்களுக்கு இதை வழக்கமாகப் பார்க்கவே தேவையில்லை. யூரிக் ஆசிட் 7.4: மூட்டு வீங்கிச் சிவந்து வலித்த வரலாறு இல்லையென்றால் மாத்திரை வேண்டாம். டிஎஸ்எச் 5.1: வயது ஏறும்போது இது சற்று ஏறும். இரண்டு மூன்று மாதம் கழித்து ஃப்ரீ டி4 என்ற இன்னொரு தைராய்டு டெஸ்டும் சேர்த்து இன்னொரு முறை பார்த்தால் போதும். ஒரே ஒரு எண்ணை நம்பி ஆயுளுக்கும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

மனசில் வைக்க வேண்டியவை இரண்டு. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023-இல் வெளியிட்ட ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. அப்பச்சி நிற்பது அந்த வாசலில். அங்கிருந்து திரும்பி வர முடியும். இதே நிலையில் இருந்த நம்மூர்க்காரர்களை வைத்து இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு என்று சென்னையில் நடத்தி 2006-இல் வெளியிட்டார்கள். நடை, சாப்பாடு இரண்டை மாற்றியதிலேயே சர்க்கரை நோயாக மாறும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. இன்னொன்று எல்டிஎல் 148. அதைத் தனியாக வைத்துப் பேச முடியாது. பிபி, புகை, வயது, குடும்ப வரலாறு எல்லாம் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சரி, அப்பச்சியின் பிபி எவ்வளவு?

*

வலசைக்காரன்

14 பக்கத்தையும் திரும்பப் பார்த்தேன் டாக்டர். பிபி இல்லை. எடுக்கவே இல்லை.

*

பொது மருத்துவர் (மதுரை, பூர்வீகம் கோட்டையூர்)

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு ஆற்றாமையே வந்துவிட்டது. ஊசி, குழாய் எதுவும் வேண்டாம், ஐந்து நிமிட வேலை. பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு மூன்றையும் தடுக்க இதைவிடப் பலன் தரும் சோதனை இல்லை. குழாயில் அடைத்துக் கணக்குக் காட்ட முடியாது என்பதால் பேக்கேஜில் அது இல்லை. இடுப்பளவு இல்லை (ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்). வாயைத் திறந்து பார்க்கவில்லை. கண்ணைப் பார்க்கவில்லை, காலைத் தொடவில்லை.

வீட்டில் பிபி பார்ப்பதாக இருந்தால் மேல்கையில் கட்டும் மிஷின் வாங்குங்கள். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்கட்டும். சட்டைக்கு மேலே கட்டக் கூடாது. காற்று ஏறும்போது பேசக் கூடாது, பக்கத்தில் இருப்பவரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். ஒரு வாரத்துச் சராசரி 135/85-ஐ எட்டினால் டாக்டரைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் எடுத்தால் அந்த வரம்பு 140/90.

*

தேவகோட்டை பெரியவர்

எனக்கு 74. தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரை நாற்பது வருஷத்துக்கு மேலாகப் போகிறேன். மாறுபட்ட கருத்தைச் சொல்வதற்கு யாரும் கோபிக்கக் கூடாது. நல்லா இருக்கிற மனுஷனைக் கூப்பிட்டு உட்காரவைத்து ரத்தத்தை உறிஞ்சி, "உனக்கு இது கூட, அது குறைச்சல்" என்று சொல்லி நோயாளி ஆக்குகிறோம். தம்பியின் அப்பச்சி போன வாரம் வரை நிம்மதியாகத் தூங்கியவர். இப்போது பாருங்கள். உடம்பு சொல்லும்போது கேட்டுக்கொண்டால் போதாதா?

*

பொது மருத்துவர் (மதுரை, பூர்வீகம் கோட்டையூர்)

ஐயா, நீங்கள் சொன்னதில் பாதிக்கு ஆதாரமே இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவாக "செக்கப்" செய்வதால் ஆயுள் கூடுகிறதா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 2012-இலும் மறுபடி 2019-இலும் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. இரண்டாவது தடவை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கு. இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. தென்கொரியாவில் கழுத்து ஸ்கேனை செக்கப்போடு சேர்த்துப் பரவலாக எடுத்தார்கள். 2011-இல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டவர்களின் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆனது. அதனால் இறந்தவர்களின் விகிதம் மாறவில்லை. தொந்தரவே தராமல் கிடந்திருக்கும் கட்டிகளுக்காக எத்தனையோ பேர் கழுத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு வாழ்நாள் மாத்திரைக்கு ஆளானார்கள். அறிகுறி இல்லாதவருக்கு முழு உடம்பு ஸ்கேனும், சிஏ-125, சிஇஏ மாதிரி "கேன்சர் மார்க்கர்" ரத்த டெஸ்டும் வேண்டாம் என்று நாங்கள் சொல்வதும் இதனால்தான்.

ஆனால் "உடம்பு சொல்லும்" என்ற இடத்தில்தான் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். பிபி சொல்லாது. சர்க்கரை பல வருஷம் சொல்லாது. சிறுநீரகம் பெரும்பகுதி போகும்வரை வாயே திறக்காது.

*

பள்ளத்தூர் மகள்

ஐயா, எங்கள் அப்பச்சி கதையைச் சொல்கிறேன். அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்து 11 வருஷம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பார், மாத்திரை தவறியதே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒருவரும் "கண்ணின் விழித்திரையைப் பார்த்தீர்களா" என்று கேட்கவில்லை. எங்களுக்கும் தெரியாது. கண்ணாடிப் பவர் பார்ப்பதுதான் கண் டெஸ்ட் என்று நினைத்திருந்தோம்.

ஒருநாள் காலையில் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னடா இது, நடுவுல கறுப்பா சிலந்தி வலையாட்டம் ஓடுது" என்றார். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. மதுரைக்கு ஓடினோம். லேசர், ஊசி எல்லாம் செய்து வலது கண்ணைக் காப்பாற்றினார்கள். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். இப்போது வளவில் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிறார்.

வருஷத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்திருந்தால் போதும். சர்க்கரை என்று தெரிந்த அன்றே முதல் தடவை பார்த்திருக்க வேண்டும் என்று அங்கேதான் சொன்னார்கள். அந்தக் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அதனால்தான் டெஸ்டே வேண்டாம் என்று யார் சொன்னாலும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

*

தேவகோட்டை பெரியவர்

நீங்கள் மன்னிப்புக் கேட்கக் கூடாது தாயீ. கேட்டது நல்லதாகப் போயிற்று. நான் கண்ணைக் காட்டி ஆறு வருஷம் ஆகிறது.

*

கிராம சுகாதார செவிலியர் (புதுவயல் பக்கம்)

வலசைக்காரத் தம்பிக்கு: ஆத்தாளை விடாதீர்கள். வீடு வீடாகப் போகும் எனக்கு இது மனப்பாடம். ஆம்பளைகளுக்குப் பிபி பார்க்க மிஷினை எடுத்தால் கையை நீட்டிவிடுவார்கள். ஆச்சிமார் "இருங்க, அடுப்புல இருக்கு" என்று இரண்டாம் கட்டுக்குப் போனால் வரவே மாட்டார்கள். நான் இப்போதெல்லாம் முகப்பில் காத்திருப்பதில்லை, நேரே அடுப்படிக்குப் போய் அங்கேயே ஒரு பலகையில் உட்காரவைத்துப் பார்த்துவிடுகிறேன்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து பிபி, சர்க்கரைக்கு வீட்டிலேயே பார்த்து மாத்திரையும் வீட்டிலேயே கொடுக்கிறோம். காசு கிடையாது. பெரிய வீட்டுக்காரர்கள் "அது இல்லாதவங்களுக்கு" என்று நினைத்துக்கொள்கிறார்கள். எல்லாருக்கும்தான்.

30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பு, கர்ப்பப்பை வாய், எல்லாருக்கும் வாய், இந்த மூன்று புற்றுநோய்க்கும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அரசு வழிமுறை, 65 வரை. கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். ஆத்தா வயதில், மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்த முறையில் சரியாகத் தெரியாது. பாப் ஸ்மியரோ எச்பிவி டெஸ்டோ (இரண்டும் கர்ப்பப்பை வாயிலிருந்து மாதிரி எடுத்து லேபில் பார்ப்பவை) எடுக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். கூச்சப்பட்டால் பெண் டாக்டர் இருக்கும் நாளாகக் கூட்டிப்போங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் கன்னத்தின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் முழுசாகத் திறக்க முடியாமை எது இருந்தாலும் காட்டிவிட வேண்டும்.

*

வலசைக்காரன்

சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். இரண்டு பேரையும் கூட்டிப்போகிறேன். பொட்டாசியத்தை அதுவரை தள்ளவில்லை, பங்காளி வீட்டு அண்ணன் நாளைக்கே அப்பச்சியைக் காரைக்குடிக்கு அழைத்துப்போகிறார்.

*

வலசைக்காரன் (மூன்று வாரம் கழித்து)

எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பச்சியின் பொட்டாசியம் மறுநாளே 4.3. லேப் அண்ணன் சொன்னபடி நேரே போய், கையை மூடாமல் எடுத்தது. பிபி ஒரு வாரச் சராசரி 128/80. காலையும் மாலையும் நடக்க ஆரம்பித்துவிட்டார். தூக்கம் திரும்பிவிட்டது.

ஆத்தாளுக்குப் பிபி 168/96. பயத்தில் ஏறியிருக்கும் என்று இன்னொரு நாள் எடுத்தார்கள், 164/94. வெறும் வயிற்றுச் சர்க்கரை 161, எச்பிஏ1சி 8.1. சிறுநீரில் ஆல்புமின் (ஒரு புரதம்) விகிதம் 86, அது 30-க்குள் இருக்க வேண்டுமாம். மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

டாக்டர் அம்மா ஆத்தாளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தூரிகை மயிர் மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார்கள். தொடும்போதெல்லாம் "ம்" சொல்ல வேண்டும். குதிகாலில் "ம்". நடுப்பாதத்தில் "ம்". கட்டை விரலில் இழை வளைந்து நிற்கிறது, ஆத்தா பேசாமல் இருக்கிறார்கள். அடுத்த விரலிலும் அப்படித்தான். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "கால் மரத்துப்போனது எத்தனை நாளாத் தெரியும் ஆச்சி?" என்று கேட்டதற்கு, "அது ஒரு வருஷமாச்சு, நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறதால இருக்கும்னு நினைச்சேன்" என்றார்கள். அந்த ஒரு வருஷத்தில் நான் ஐந்து தடவை ஊருக்குப் போயிருக்கிறேன்.

மாத்திரை தொடங்கியாகிவிட்டது. மார்பு, கர்ப்பப்பை வாய் பார்த்ததில் பயப்பட ஒன்றும் இல்லை. கண் டெஸ்ட்தான் பாக்கி.

*

தேவகோட்டை பெரியவர்

தம்பி, ஒரு யோசனை. நம் பெரியவர்கள் பர்மாவில் கடை வைத்திருந்த காலத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் போட்டுப் பேரேடு எழுதியவர்கள். பிரின்ட் எடுத்த தாள் ஒன்று அலமாரியில் இருக்கும், ஒன்று காணாமல் போகும். ஒரு நோட்டில் அப்பச்சிக்கு ஒரு பக்கம், ஆத்தாளுக்கு ஒரு பக்கம் பிரித்துத் தேதி, பிபி, சர்க்கரை, எடை, மாத்திரைப் பெயர் என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அந்த நோட்டு கூடவே போகட்டும். நானும் தொடங்கியிருக்கிறேன். முதல் வரி 152/88. இவ்வளவு நாள் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

*

பொது மருத்துவர் (மதுரை, பூர்வீகம் கோட்டையூர்)

ஐயா, ஒரு வாரம் எழுதிவிட்டு அந்த நோட்டோடு உங்கள் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். எங்களுக்கு ஒற்றை எண்ணைவிட ஒரு வருஷத்து வரிசைதான் உதவும். கிரியாட்டினின் 0.8, 1.0, 1.2 என்று வந்தால் மூன்றும் கறுப்பு எழுத்தில்தான் இருக்கும், ஆனால் சிறுநீரகம் இறங்கிக்கொண்டிருக்கலாம். அது நோட்டில்தான் தெரியும்.

வரி பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார்: பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு வருமுன் காக்கும் பரிசோதனைச் செலவில் 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு, மருத்துவக் காப்பீட்டுக் கழிவின் மொத்த வரம்புக்குள். ரொக்கமாகக் கட்டினாலும் செல்லும், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

*

வலசைக்காரன்

அப்பச்சி நோட்டுப் போட்டுவிட்டார் ஐயா. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, ஆத்தா பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறார். கண் டெஸ்டுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மதுரையில் கிடைத்திருக்கிறது. எனக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. இரண்டு பேரும் பஸ்ஸில் போய் வந்துவிடலாமா?

*

பள்ளத்தூர் மகள்

சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெயில் கூசும். கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போகட்டும். பஸ் வேண்டாம் தம்பி. அதே வெள்ளிக்கிழமை எங்கள் அப்பச்சிக்கும் அங்கே தேதி. காரில் இடம் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு வாசலில் நிற்கச் சொல்லுங்கள், நான் வந்து ஏற்றிக்கொள்கிறேன். ஆத்தாளிடம் அந்த நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.